சறுக்கிக்கொண்டே இருந்த வாத்தியார்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டு வந்த நேரத்தில், இரண்டு பக்கமும் நான்கு இலைகளுக்குக் கேட்கும்படி, "பிரெஞ்சா? அதுக்கென்ன, நான் பேசுவேனே" என்று நானாகவே சொன்னேன். அன்றைக்கு நான் முடித்திருந்தது ஆறே பாடம். அவற்றில் நான்கு பாடங்கள் வணக்கம் சொல்வது, நலம் விசாரிப்பது, ரொட்டி வாங்குவது, நூலகத்துக்கு வழி கேட்பது. ஐம்பத்து மூன்று வயதும், பாதி வழுக்கையும், தனியார் பொறியியல் கல்லூரியில் இருபத்தைந்து வருடம் ஆங்கிலம் நடத்திய அனுபவமும் உள்ள ஒருவன் ஏன் இப்படிச் சொல்ல வேண்டும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ரசம் நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

பக்கத்து இலை என் மச்சினனுடையது. மனைவியின் தம்பி. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறான். இங்கே பூமிக்கு அடியில் குடைவதற்கு இடம் குறைந்துபோனதாலோ என்னவோ, அந்த ஊர் ரிக் வண்டிகள் இப்போது கப்பலேறிப் போகின்றன. அவனுடைய வண்டியும் போயிருந்தது. ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஒரு நாடு, அங்கே பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு. ரிக் லாரி ஒன்று, கம்ப்ரசர் லாரி ஒன்று, எட்டு ஆட்கள்.

"தண்ணி கூட வந்துருதுங் மாமா. பசங்களுக்குப் பேச்சுத்தான் வரமாட்டேங்குது. அவிங்க பிரெஞ்சுல கேக்கறாங்க, இவிங்க திருச்செங்கோட்டுல பதில் சொல்றாங்க" என்று அவன் வருத்தப்பட்டபோதுதான் நான் மேற்சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். மச்சினன் அப்படிப் பார்த்தது எனக்குக் கல்யாணமான பிறகு அதுவே முதல் தடவை.

நான் பிரெஞ்சு கற்கப் போனது வீட்டில் சத்தம் குறைந்துபோனதால். மகள் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டாள். இளமையில் பிரெஞ்சு நாவல்களை மொழிபெயர்ப்பில் விழுந்து விழுந்து படித்தவன் என்ற முறையில், மூலத்தில் ஒன்றையாவது படித்துவிட்டுச் சாகலாம் என்று தோன்றியது. புதுச்சேரியில் ஒரு மேடம் போன் வழியாகச் சொல்லிக்கொடுத்தார். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். காலை ஆறு மணிக்கு வகுப்பு. எங்கள் சூரமங்கலம் வீட்டில் அந்த நேரத்துக்கு சேலம் ஜங்ஷன் ரயில் அறிவிப்புகள் ஜன்னல் வழியாக வரும். முதல் மாதம் முழுவதும் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "சார், இப்ப பேசினது நீங்களா, ஸ்டேஷனா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் பாடத்திலும் ஆறாம் பாடத்திலும் 'எம்பர்ஃபே' என்கிற இறந்தகாலம் வந்தது. முடிந்து போனதைச் சொல்லாமல், அப்போது நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் காலம். நாம் 'வந்துகொண்டிருந்தேன்' என்பதற்கும், 'அப்போதெல்லாம் வருவேன்' என்பதற்கும் அவர்களுக்கு அந்த ஒன்றே போதும். சிக்கனமான ஜனங்கள் என்று சந்தோஷப்பட்டேன். செய்முறையும் சுலபம். நிகழ்காலத்தில் 'நாம்' என்பதற்கு உரிய வினையை எடு. 'நூ பார்லோன்', நாம் பேசுகிறோம். வாலில் இருக்கிற 'ஓன்' என்பதை நறுக்கு. மிச்சத்தில் 'ஏ' சேர். 'ஜெ பார்லே', நான் பேசிக்கொண்டிருந்தேன். 'இல் பார்லே', அவன் பேசிக்கொண்டிருந்தான். எல்லா வினையும் இந்த விதிக்குக் கட்டுப்படும். 'இரு' என்ற வினை ஒன்றுதான் கட்டுப்படாது. இருத்தல் மட்டும் எந்த விதிக்கும் அடங்காது என்று இலக்கணப் புத்தகமே சொன்னபோது, தத்துவம் படிக்கிற பெருமை எனக்கு வந்துவிட்டது.

அந்தப் பெருமை ஒரு வாரம் இருந்தது. பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வருக்கும் எழுத்தில் வால் மூன்று விதம். காதில் ஒன்றேதான். எழுதும்போது வாலில் மூன்று முதல் ஐந்து எழுத்துகள் வரை சேர்க்க வேண்டும், பேசும்போது 'ஏ' ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் விழுங்கிவிட வேண்டும். பேசாத எழுத்தை எதற்கு எழுதுகிறார்கள் என்று மேடத்திடம் கேட்டேன். "சார், நீங்க இங்கிலீஷ் வாத்தியார்தானே?" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பயிற்சிக்காக என் சின்ன வயதைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னார். பரமத்தி வேலூரில் அத்தை வீட்டுக்கு விடுமுறைக்குப் போவோம், வாய்க்காலில் குளிப்போம், வாழைத்தோப்புக்காரர் எங்களைத் துரத்துவார் என்று எழுதினேன். பத்தில் ஏழு தப்பு. குளித்தது நானா, வாழைத்தோப்புக்காரரா என்பதே சரியாக விளங்கவில்லை என்று குறிப்பு வந்தது. மூன்று முறை திருத்தி எழுதினேன். நான் உண்மையில் குளித்த தடவைகளைவிட அந்த நோட்டில் குளித்த தடவைகள் அதிகம்.

ஏழாம் பாடம் முடிந்துபோன செயலைச் சொல்லும் இறந்தகாலம். அதில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு துணைவினை, அதிலும் இரண்டு ரகம். திறந்து பார்த்தேன், மூடி வைத்தேன். ஆகவே என் பிரெஞ்சில் எதுவும் முடியாது. போய்க்கொண்டிருப்பார்கள், வந்துகொண்டிருப்பார்கள். போய்ச் சேரவே மாட்டார்கள்.

வைகாசி அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம் மச்சினன் போன் செய்தான். குரலே சரியில்லை.

ரிக் வண்டிக்காரர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அமாவாசை பூஜையை விடமாட்டார்கள். அங்கேயும் விடவில்லை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் நசுக்கி, ஒரு பெரிய பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, மேலே கற்பூரம் ஏற்றி, வண்டியை மூன்று முறை சுற்றி, கொண்டுபோய் ரோட்டில் உடைத்திருக்கிறார்கள். நம் ஊரில் எப்படி உடைப்பார்களோ அப்படியே, நட்ட நடு முச்சந்தியில். உடைத்த கையோடு எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். கால் மணி நேரத்தில் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். பூசணிச் சதையில் சக்கரம் ஏறியது. வண்டி ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிவு.

"ஊர்த் தலைவரு வந்து, வண்டி போற தடத்துல பெரிய மரமாப் போட்டு அடைச்சுட்டாருங் மாமா. இதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வண்டிய எடுங்கறாராம். நம்ம பசங்களுக்கு அவரு சொல்றது அரையுங் குறையுமாத்தான் வெளங்குது. இன்னும் ரெண்டு வாரத்துல அங்க மழ புடிச்சுரும். மண்ணு ரோடுங்க. மழ பேஞ்சா நாலு மாசத்துக்கு வண்டி நகராது. பசங்க ஊடு திரும்பற மாசம் வேற. இந்த வண்டிய நம்பித்தானுங் மாமா நாம்பொ இருக்கறம்." சற்று நிறுத்தினான். "நீங்க ஒருக்கா பேசோணும்."

பந்தியில் சொன்னதைத் திரும்பப் பெற அதுதான் நல்ல சந்தர்ப்பம். 'மாப்ள, எனக்கு ஆறு பாடந்தான் தெரியும்' என்று சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு. "ஒரு வாரம் டைம் குடுங்க மாப்ள. இது சாதாரண விஷயம் இல்ல. முறையாப் பேசணும்."

"நம்ம டிரில்லர் போயி அந்த வாத்தியார ஒருக்காப் பாத்துட்டு வாரேங்கறானுங்க."

டிரில்லர் என்பவன் துளை போடும் இயந்திரத்தை இயக்குகிறவன். அங்கே எட்டுப் பேருக்கும் அவன்தான் மூத்தவன், முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன்.

"வேண்டவே வேண்டாம்" என்றேன். "நான் பேசற வரைக்கும் ஒருத்தரும் அங்க போய் வாயைத் தெறக்கக் கூடாது. அரைகுறையாப் பேசிக் காரியத்தைக் கெடுத்துருவாங்க."

அரைகுறை என்ற சொல்லை நான்தான் உபயோகித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அன்றிலிருந்து ராப்பகலாகத் தயாரிப்பு. கல்லூரியில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு நான் வினைகளைத் திரித்துக்கொண்டிருந்தேன். உடை என்பது 'காஸே'. அவர்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் என் காதுக்குக் 'காஸே'தான். இரண்டுக்கும் நடுவில் நூல் அளவு வித்தியாசம் இருக்கிறதாம். மேடம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினார். எனக்கு ஒரே ஆள் இரண்டு முறை தும்மியது போல இருந்தது. காலையில் குளியலறையில் உரக்கப் பழகினேன். மனைவி கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, பல்லு வலிக்குதுங்களா?"

"பிரெஞ்சு."

"கல்லுப்பு போட்டுக் கொப்புளிச்சுப் பாருங்க" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் மேடத்திடம் என் உரையை வாசித்துக் காட்டினேன். மொத்தம் பதினொரு வாக்கியம். அன்று அமாவாசையாக இருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பையன்கள் பூஜை செய்துகொண்டிருந்தார்கள். பூசணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உடைத்துக்கொண்டிருந்தார்கள். மதிப்புக்குரிய ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சறுக்கிக்கொண்டிருந்தார். இப்படியே போகும்.

மேடம் கேட்டு முடித்தார். "சார், எம்பர்ஃபே எல்லாம் கிட்டத்தட்ட சரியா இருக்கு. ஆனா அவர் எப்ப சார் விழுவார்?"

"விழுந்தது அவருக்கே தெரியுமே மேடம்."

"நீங்க சொல்றபடி பாத்தா அவர் இன்னும் சறுக்கிட்டே இருக்கார். ஏழாவது பாடத்துல நாலு வினை மட்டும் பாத்துட்டுப் போயிடலாமே?"

"நேரம் இல்லை மேடம்."

"அப்ப இவ்வளவு எதுக்கு? மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே. அது ரெண்டாவது பாடத்துலயே இருக்கு."

முப்பது பக்கம் நோட்டு எழுதியவனைப் பார்த்து ஒரு வார்த்தை போதும் என்கிறார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இரண்டாம் பாடத்து வார்த்தையைச் சொல்ல நான் எதற்கு, அந்த டிரில்லரே போதாதா என்று கேட்டேன். ஆமாம் சார், போதும் என்று அவர் சொல்லியிருக்கலாம். நல்லவர், சொல்லவில்லை.

விபத்து நடந்த ஒன்பதாம் நாள் போன் பேச ஏற்பாடாயிற்று. நமக்கு மத்தியானம் மூன்று மணி, அவர்களுக்குக் காலை. மச்சினன் திருச்செங்கோட்டிலிருந்து வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். தன் வண்டிக்காகத் தானே தேர்வு எழுதப் போவது போலச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்துக்கொண்டான். முந்தின நாள் அங்கே தெற்கில் மேகம் கட்டியதாக டிரில்லர் சொல்லியிருந்தான். அதை மச்சினன் என்னிடம் இரண்டு முறை சொன்னான்.

படம் தெரிந்தது. ஒரு மரத்தடி. நாற்காலியில் நீல அங்கி போட்ட பெரியவர், அவர்தான் தலைவர். பக்கத்தில் கண்ணாடி அணிந்த ஒல்லியான நாற்பது வயதுக்காரர், வலது கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டிருந்தது. போனைப் பிடித்திருந்தது டிரில்லர். அவன் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"ஏனுங் மாமா, அந்த மரம் நம்மூரு வேம்பாட்டவே இருக்குது பாருங்க" என்றான் மச்சினன்.

"ஷ்" என்றேன்.

ஆரம்பித்தேன். அன்று அமாவாசையாக இருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வாக்கியத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். திருஷ்டி என்பதற்கு நான் அகராதியிலிருந்து கோத்து வைத்திருந்த வார்த்தைகள், எங்கள் லாரிக்குக் கெட்ட கண் இருந்தது என்ற மாதிரி வந்தன. அதில் லாரி என்ற சொல் மட்டும் விளங்கியதோ என்னவோ, தலைவர் திரும்பி லாரி இருந்த திசையைப் பார்த்தார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒவ்வொரு வினையிலும் வாலை நறுக்கி, 'ஏ' சேர்த்து, பேசாத எழுத்துகளை மனதுக்குள் விழுங்கி, வாத்தியாரை அவர் முகத்துக்கு எதிரேயே சறுக்கிக்கொண்டிருக்க வைத்தேன். பதினொன்றையும் சொல்லி முடித்தேன். ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை. அவ்வளவு பெரிய வேலையை அண்மையில் நான் முடித்ததே இல்லை.

அவர்கள் இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டாவி கூட விடவில்லை. நான் நிறுத்தியதும் மரத்தில் காக்கை மாதிரி ஒன்று கத்தியது.

பிறகு வாத்தியார் பேசினார். மெதுவாக, தெளிவாக, வகுப்பில் பேசுகிற குரலில். நான்கு வாக்கியம் இருக்கும். எனக்கு அதில் ஒரு சொல் கூடப் பிடிபடவில்லை. ஆறு பாடத்தில் பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எதிராளியும் பேசுவான் என்பதை நான் எங்கேயும் கணக்கில் எடுக்கவில்லை. மச்சினன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங் மாமா சொல்றாரு?"

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

போனுக்குப் பின்னாலிருந்து டிரில்லரின் குரல் வந்தது. "சார், நாஞ் சொல்லட்டுங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"பேச வராதுங்க சார். கேட்டா வெளங்குமுங்க. எட்டு மாசமாச்சுங்களே." கனைத்துக்கொண்டான். "பூசணிக்கா ஒடச்சது பத்தி ஒண்ணும் இல்லையாமுங்க. ரோட்டுல கெடந்தத அவருந்தான் பாத்து வந்திருக்கோணுமாம். ஆனா கை ஒடஞ்சு ஒம்பது நாளாச்சு. இருநூறு அடி தள்ளித்தான் நாம்பொ கூடாரம் போட்டிருக்கறம். எட்டுப் பேர்ல ஒருத்தர் வந்து, கை எப்பிடி இருக்குதுன்னு கேக்கலையே, இதென்ன மனுசங்கன்னு கேக்கறாருங்க. அதுக்குத்தானுங்க மரத்தப் போட்டதும். யாராச்சும் வந்து பேசட்டும்னு."

எங்கள் பக்கத்தில் ஒருவன் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டால் கூட, பன்னும் பழமும் வாங்கிக்கொண்டு நாலு பேர் வீட்டுக்குப் போய் நிற்பார்கள். சொல்லித்தர வேண்டிய பழக்கமே இல்லை. அந்த எட்டுப் பேரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். முதல் நாளே கிளம்பினவனைப் போகாதே என்று நிறுத்தியது நான். ஒன்பது நாட்கள், ஒரு லாரி நிறைய ஆட்களை, பக்கத்து வீட்டில் அடிபட்டவனை எட்டிப் பார்க்காதவர்களாக ஆக்கி வைத்திருந்தேன். வினைகளைத் திரிப்பதற்காக.

சரி, இப்போதாவது கேட்போம் என்று வாயைத் திறந்தேன். நலம் விசாரிப்பது இரண்டாம் பாடம். குழந்தைக்கும் தெரியும். வரவில்லை. தலைக்குள் பதினொரு வாக்கியமும் நடந்துகொண்டே இருந்தன, ஒன்று கூட விலகி வழி விடவில்லை. கடைசியில், "கை எப்படிங்க இருக்குது? ரொம்ப வலிக்குதுங்களா?" என்று சுத்தமான சேலம் தமிழில் கேட்டேன். அதை டிரில்லர் தன்னுடைய பிரெஞ்சில் சொன்னான். அவன் பிரெஞ்சில் வினைச்சொல்லே கிடையாது. கை, வலி, நல்லது, மோசம், அவ்வளவுதான். "முசியே-ங்க", அதாவது ஐயா, என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு 'ங்க' போட்டான்.

வாத்தியார் மாவுக்கட்டைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். சிரித்த மாதிரி இருந்தது. அதற்குள் சிக்னல் போய்விட்டது.

மச்சினன் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அக்கா, காப்பி குடு, கெளம்பறேன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னான். வாசல் வரை போய், செருப்பு மாட்டும்போது, "அவன மொத நாளே போக உட்டிருக்கலாமுங்" என்றான். அதில் 'மாமா' இல்லை.

அங்கே அன்று மத்தியானமே எட்டுப் பேரும் கைலியை மாற்றி, சட்டை போட்டுக்கொண்டு, மாம்பழம் ஒரு கூடை வாங்கி வாத்தியார் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். மறுநாள் காலை தலைவர் மரத்தை எடுக்கச் சொன்னார். போட வேண்டிய கிணறுகளில் இரண்டு பாக்கி, அவை மழைக்குப் பிறகு என்று முடிவாயிற்று. ஆனால் சாமான்களைக் கட்டி ஏற்ற ஒரு நாள் ஆகிவிட்டது. கிளம்பின அன்று மழை பிடித்துக்கொண்டது. ரிக் லாரி தப்பித்தது. கம்ப்ரசர் லாரி ஓர் ஓடையில் அச்சு வரை இறங்கிவிட்டது. எட்டுப் பேரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அரை நாள் தள்ளினார்கள். வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று, இடது கையால் வலம் இடம் காட்டினாராம். பொழுது சாயும்போது வண்டி தார் ரோட்டில் ஏறிவிட்டது. ஒரு நாள் முன்னால் பேசியிருந்தால் ஓடையில் தண்ணீரே இருந்திருக்காது. நான் அந்த ஒரு நாளைப் பற்றி மச்சினனிடம் பேசவில்லை. அவனும் பேசவில்லை.

ஆடி மாதம் ஆட்கள் ஊர் திரும்பினார்கள். டிரில்லர் ஜங்ஷனில் இறங்கி, திருச்செங்கோடு பஸ் பிடிப்பதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வெயிலில் நன்றாகக் கறுத்து, ஒரு சுற்று இளைத்திருந்தான். மனைவி கொடுத்த காப்பியை ஆற்றிக் குடித்தான். வாத்தியாருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, கை நேராகிவிட்டது, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார் என்றான். அதோடு நான் விட்டிருக்க வேண்டும்.

"அவர் என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

டம்ளரைக் கீழே வைத்தான். யோசித்தான். "கேட்டாருங்க சார். உங்க பெரியவரு போன்ல ரொம்ப நேரம் பேசினாருல்லோ, அது எந்த பாஷைன்னு கேட்டாருங்க."

"நீ என்ன சொன்னே?"

"தமிழுன்னு சொல்லிப்போட்டேனுங்க. கேக்கறதுக்குப் பாட்டு மாதிரி இருந்துதுன்னாருங்க."